மழலையர் கல்வி டிப்ளமோ படிக்கலாமா? படித்து முடித்து வேலைக்கும் போன ஒருவரின் விமர்சனம்

மழலையர் கல்வியில் இரண்டு வருட டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் வகுப்பில் வேலை பார்க்கிறேன். இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகச் சேரலாம். ஆனால் இந்தப் படிப்பின் மதிப்பில் பெரும்பங்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வகுப்பறையில் உங்களை எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறார்கள், நீங்கள் நிற்கும்போது அனுபவமுள்ள ஒருவர் அதைப் பார்க்கிறாரா, பார்த்த பிறகு உங்களோடு உட்கார்ந்து பேசுகிறாரா, இவ்வளவுதான். பாடத்திட்டம், கட்டடம், நூலகம் எல்லாம் அதற்கு அப்புறம். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறைகளையும் சொல்லப்போகிறேன், அந்தக் குறைகளில் பாதி இந்தத் துறையின் பல கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்று மற்ற இடங்களில் படித்த தோழிகளோடு பேசும்போது தெரிகிறது.

முதலில் என்ன படிக்கிறோம் என்று சுருக்கமாக. வெளியே இருப்பவர்கள் இதை நர்சரி டீச்சர் கோர்ஸ் என்று நினைக்கிறார்கள், மூன்றிலிருந்து ஐந்து வயதுவரைதான் என்றும் நினைக்கிறார்கள். உண்மையில் பிறந்ததிலிருந்து எட்டு வயதுவரை உள்ள காலத்தைத்தான் இந்தத் துறை தன்னுடையதாகக் கொள்கிறது. குழந்தை வளர்ச்சி, விளையாட்டு, மொழி, ஆரம்பக் கணிதம், உடல்நலம், முதலுதவி, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள், குடும்பம், நிர்வாகம் என்று பாடங்கள் போகும். இதோடு செய்முறைப் பயிற்சி. எங்கள் கல்லூரியில் ஒரு சின்ன நர்சரி வளாகத்துக்குள்ளேயே இருந்தது, வெளிப்பள்ளிகளுக்கும் அனுப்புவார்கள்.

வரலாற்றுப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ரூபெல் 1837இல் ஜெர்மனியில் பின்னாளில் கிண்டர்கார்ட்டன் ஆன விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கியது, மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது, மெக்மில்லன் சகோதரிகள் 1914இல் லண்டனில் திறந்தவெளி நர்சரி நடத்தியது என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம். இதே பாடத்தை இரண்டாம் வருடத்தில் வேறொரு மேடம் வேறு மாதிரி தொட்டார். எங்களை நர்சரி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், இங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது என்று சொல்லிவிட்டு, குழந்தையின் உயரத்துக்கான நாற்காலியில் ஆரம்பித்தார். மாண்டிசோரி ஒரு மருத்துவர், ஏழைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக அந்த இடத்தைத் தொடங்கியபோது கனமான பள்ளி பெஞ்சுகளை விட்டுவிட்டு, குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய மேசை நாற்காலிகளைச் செய்யச் சொன்னார். கை கழுவும் தொட்டி ஏன் இந்த உயரத்தில் இருக்கிறது, வெளியே ஓடுவதற்கு ஏன் இவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம் என்று கேட்டால் மெக்மில்லன் சகோதரிகள் வருவார்கள், அவர்களுடைய நர்சரியில் குளிப்பாட்டுவதும் காற்றோட்டமும் தூக்கமும் பாடத்துக்குச் சமமான இடம் பெற்றிருந்தன. அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது முதல் பருவம் முழுவதும் கற்றதைவிட அதிகம். பாடம் ஒன்றுதான், சொல்லிக்கொடுத்த இடம்தான் மாறியது.

குழந்தை வளர்ச்சிப் பாடத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். குழந்தையின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று சொல்லும் பியாஜேயின் கோட்பாட்டைப் புத்தகத்தில் படித்தால் நான்கு நிலைகள், அவற்றின் வயது, முடிந்தது கதை. எங்களை ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நர்சரிக்குப் போகச் சொன்னார்கள். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இரண்டிலும் ஒரே அளவு என்று ஒத்துக்கொண்டாள். அவள் கண் முன்னாலேயே ஒன்றை எடுத்து ஒல்லியான உயரமான பாட்டிலில் ஊற்றிவிட்டு இப்போது எதில் அதிகம் என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, பாட்டிலைத் தொட்டு "இதுலதான் நிறைய இருக்கு, பாருங்க டீச்சர், எவ்ளோ மேல வந்திருக்கு" என்றாள். திரும்ப டம்ளரில் ஊற்றிக் காட்டினால் சமம் என்கிறாள், மறுபடி பாட்டிலுக்குப் போனால் அதிகம் என்கிறாள், அவளுக்கு இதில் எந்த முரணும் தெரியவில்லை. அந்த வயதில் கண்ணுக்கு எது பெரிதாகத் தெரிகிறதோ அதுதான் அளவு. இதை நேரில் பார்த்த பிறகு, இத்தனை சின்னக் குழந்தைக்குக் கூட்டல் கழித்தலைத் தாளில் திணிப்பதில் என்ன பயன் என்ற கேள்வி தானாகவே வந்தது, யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் குழந்தைக்குத் தேவை இன்னும் நிறைய டம்ளர், நிறைய தண்ணீர், ஊற்றி ஊற்றிப் பார்க்க நிறைய நேரம்.

அதே பாடத்தில் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் எழுதிய விளையாட்டு வகைகளும் வரும். தனியாக விளையாடுவது, மற்றவர்கள் விளையாடுவதை நின்று வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொருளை வைத்து அவரவர் விளையாடுவது, பிறகு கொஞ்சம் கொடுக்கல் வாங்கலோடு விளையாடுவது, கடைசியில் சேர்ந்து திட்டம் போட்டு விளையாடுவது. வேலைக்கு வந்த பிறகு நான் அதிகம் எடுத்துப் பயன்படுத்துவது இதைத்தான். என் பிள்ளை யாரோடும் சேரவே மாட்டேன் என்கிறான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் தனியாகவே விளையாடுகிறான் என்று இரண்டரை வயதுக் குழந்தையின் பெற்றோர் கவலைப்பட்டு வந்து நிற்கும்போது, அந்த வயதில் அது இயல்பு என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், அவன் பக்கத்துக் குழந்தையைப் பார்த்துத்தான் தன் காரை அதே திசையில் ஓட்டினான் என்று காட்ட முடிகிறது. பிரிவு, பற்று பற்றிய பாடமும் இப்படித்தான் கைகொடுத்தது. அதை ஆராய்ந்த பவுல்பி, மேரி எய்ன்ஸ்வொர்த் பெயர்களை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அம்மா கிளம்பும்போது அழுகிற குழந்தை செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன குழந்தை இல்லை என்பதும், குழந்தை கவனிக்காத நேரமாகப் பார்த்து அம்மாவை நழுவச் சொல்வது அடுத்த நாள் அழுகையை இன்னும் கூட்டும் என்பதும் தெரியாத ஒருவரை முதல் வாரத்தில் வகுப்பில் விடக் கூடாது.

இப்போது இந்தப் படிப்பின் உயிருக்கு வருகிறேன், அப்சர்வேஷன் நோட்டு. ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிப்போம். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வலப்பக்கம் அதிலிருந்து நாம் நினைப்பது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்யும்போது முதுகு ஒடிகிறது. என் தோழி ஒருத்தி எழுதியது இப்படி இருந்தது: "பிடிவாதக்காரப் பையன், கோபமாக வந்து மற்றவர்கள் கட்டிய பிளாக்குகளைத் தட்டிவிட்டான்." மேற்பார்வை செய்த மேடம் பிடிவாதக்காரன் என்பதையும் கோபமாக என்பதையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "கோபம்னு எப்படித் தெரியும்? முகத்துல என்ன பார்த்தீங்க? கை எப்படி இருந்தது? அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் எங்க இருந்தான்?" தோழிக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த தடவை அவள் அவனை மட்டும் பார்க்க உட்கார்ந்தாள். அவன் பிளாக் மூலைக்குப் பக்கத்தில் நிற்கிறான், சுற்றி வருகிறான், ஒரு பிளாக்கை எடுத்துக் கையிலேயே வைத்திருக்கிறான், கட்டுகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறான், யாரும் திரும்பவில்லை, அப்புறம் தட்டிவிடுகிறான், தட்டிவிட்டு ஓடவில்லை, அங்கேயே நின்று அவர்களைப் பார்க்கிறான். இன்னொரு நாளும் அதே வரிசை. நோட்டில் வரிசையாகப் படித்தபோது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது, அந்தப் பையனுக்கு விளையாட்டில் சேர வேண்டும், எப்படிச் சேர்வது என்று தெரியவில்லை, தட்டிவிட்டால் மட்டும்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு மேடம் செய்தது சின்ன விஷயம். அவன் சுற்றி வர ஆரம்பித்ததும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அவங்களுக்கு நீள பிளாக் வேணும் போல இருக்கு, நீ எடுத்துட்டு வந்து தர்றியா?" என்று கேட்டார். எடுத்து வந்தான், வாங்கிக்கொண்டார்கள், இன்னொன்று கேட்டார்கள். பிரச்சினை அன்றோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் பிடிவாதக்காரன் என்ற பெயர் அந்த நோட்டிலிருந்து போனது, ஆசிரியர்களின் பேச்சிலிருந்தும் போனது.

இதைத்தான் இரண்டு வருடம் படித்து வாங்க வேண்டும். குழந்தையைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் பார்ப்பது. வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது தானாக வரும் என்று நிறைய பேர் சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. தன் பிள்ளையை மூன்று வருடமாகத் தெரிந்திருப்பது ஒரு அறிவு, நேற்று வந்து சேர்ந்த இருபது பிள்ளைகளில் ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ள வழி தெரிவது முற்றிலும் வேறு அறிவு. எங்களோடு படித்த தாய்மார்களே இதைச் சொன்னார்கள்.

செய்முறைப் பயிற்சியில் கல்லூரி நர்சரியும் வெளிப்பள்ளிகளும் இரண்டு வேறு உலகங்கள். கல்லூரி நர்சரியில் மேற்பார்வையாளர் மூலையில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார், குழந்தைகள் கிளம்பிய பிறகு நம்மோடு பேசுவார். நன்றாகச் செய்தாய் என்று பொதுவாகச் சொல்ல மாட்டார். "கதை சொல்லும்போது நீங்க எட்டு கேள்வி கேட்டீங்க, எட்டுக்கும் ஆமா இல்லன்னுதான் பதில் வரும், ஒண்ணையாவது ஏன்னு கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்பார். இந்த மாதிரிப் பேச்சு ஒன்று கிடைத்தால் அடுத்த வாரமே வகுப்பு மாறுகிறது.

வெளிப்பள்ளியில் எனக்குக் கிடைத்த இடம் அப்படி இல்லை. பயிற்சிக்கு வந்தவர்களை அங்கே கூடுதல் கைகளாகத்தான் பார்த்தார்கள். பேப்பர் வெட்டு, விடுப்பில் போன டீச்சரின் வகுப்பைப் பார்த்துக்கொள், ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம் செய். குழந்தைகளோடு இருந்த நேரத்தை யாரும் பார்க்கவில்லை, கல்லூரியிலிருந்து வந்தவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மணிக்கணக்கு ரெக்கார்டில் நிரம்பியது, கற்றது குறைவு. கல்லூரியிடம் என் பெரிய மனக்குறை இதுதான். பயிற்சிப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இடம் கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அங்கே இருக்கும் வகுப்பாசிரியருக்குப் பயிற்சி மாணவரை வழிநடத்தத் தெரியுமா, அதற்கு அவருக்கு நேரம் ஒதுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, முதல் வருடம் வாரத்துக்கு ஒரு நாள் என்று அனுப்பினார்கள், அதில் குழந்தைகளுக்கு நாம் ஒவ்வொரு முறையும் புது விருந்தாளிதான். தொடர்ந்து பல வாரம் தினமும் போன பிறகுதான் ஒரு குழந்தை நம்மிடம் வந்து ஷூ மாட்டிவிடச் சொல்கிறது, நம்மிடம் கோபப்படுகிறது, நம் மடியில் தூங்கிப்போகிறது. கல்லூரி தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள், தொடர்ச்சியான பயிற்சி எந்தப் பருவத்தில், எவ்வளவு காலம் என்று.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பற்றிய பகுதி மிகவும் பலவீனம். பிறந்ததிலிருந்து எட்டுவரை என்று பாடத்திட்டம் சொல்கிறது, நடைமுறையில் கைக்குழந்தைகளுக்குக் கிடைத்தது சில வகுப்புகள்தான், பொம்மைக்கு டயபர் மாற்றிப் பார்த்ததோடு சரி. ஆனால் படிப்பு முடித்த பலருக்கும் முதல் வேலை கிடைப்பது பகல்நேரக் காப்பகத்தின் கைக்குழந்தை அறையில். அங்கே டயபர் மாற்றுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது இவைதான் நாளின் பெரும்பகுதி, அதனால் இவைதான் பாடமும். புடாபெஸ்டில் 1946இல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய எம்மி பிக்லர் என்ற மருத்துவர் இதை மிக அழகாக வகுத்தவர். குழந்தையைத் தூக்குவதற்கு முன் தூக்கப்போகிறேன் என்று சொல்லிக் கையை நீட்டிக் காத்திருப்பது, உடை மாற்றும்போது அவசரப்படாமல் அதோடு பேசுவது, அது காலைத் தூக்கித் தானே உதவும்வரை ஒரு கணம் பொறுப்பது. இதை நான் வேலைக்கு வந்த பிறகு ஒரு மூத்த சக ஆசிரியையிடமிருந்துதான் கற்றேன். ஆறு மாதக் குழந்தை ஒன்று அவர் சட்டையை நீட்டியதும் தானே கையைத் தூக்கிக் கொடுத்தது, நான் மாற்றும்போது உடம்பை விறைத்துக்கொண்டு அழுதது. அதே குழந்தை, அதே சட்டை. கல்லூரி இதற்கு ஒரு முழுப் பருவம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால் சொல்கிறேன், சார்ட்டிலிருந்து எடுக்கலாம். ரெக்கார்ட் நோட்டுக்கு அட்டை போட்டு, பார்டர் வரைந்து, மினுமினுப்பு ஒட்டி, வண்ணச் சார்ட்டும் ஃபிளாஷ் கார்டும் செய்து குவித்த இரவுகள் ஏராளம், அழகுக்குத் தனி மதிப்பெண் வேறு. நான் செய்த பழங்களின் சார்ட்டை எந்தக் குழந்தையும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. இதிலிருந்து ஒரு கெட்ட பழக்கமும் தொற்றிக்கொள்கிறது. ஆசிரியர் வெட்டி வைத்த வட்டத்தில் ஆசிரியர் சொன்ன இடத்தில் கண்ணும் மூக்கும் ஒட்டி, ஒரே மாதிரி இருபது முயல்களைச் சுவரில் மாட்டுவதைக் கலை என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். அது ஆசிரியரின் கைவேலை. குழந்தை அதில் எதையும் முடிவு செய்யவில்லை.

இதற்கு நேர்மாறாக, விருப்பப் பாடமாக வைத்திருந்த பொருட்களும் விளையாட்டும் என்ற வகுப்பு மொத்தப் படிப்பிலும் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் நாள் எங்களுக்கு நடுவில் மர பிளாக்குகளைக் கொட்டிவிட்டு, பேசாமல் கட்டுங்கள் என்றார்கள். நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை வடிவமைத்த அந்த யூனிட் பிளாக்குகளில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு சின்னது சேர்ந்தால் ஒரு யூனிட், இரண்டு யூனிட் சேர்ந்தால் ஒரு இரட்டை, இரண்டு இரட்டை சேர்ந்தால் ஒரு நாலு. நீளமானது தீர்ந்துபோனால் சின்னதை வைத்து ஈடுகட்ட வேண்டும், அப்போது கை கண்டுபிடிக்கிறது எத்தனை வைத்தால் சமம் என்று. பெரியவர்கள் நாங்களே பாலத்துக்கு அது போதவில்லை, இது நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகளைப் பற்றியும் அந்த வகுப்பில்தான் சரியாகக் கேட்டேன். 1945இல் போர் முடிந்ததும், ஜெர்மானியப் படை விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் ஊர் மக்களே தங்கள் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியைக் கட்டினார்கள், அதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸி பிறகு அதன் சிந்தனையாளரானார். இந்தக் கதையைக் கேட்ட பிறகு, அங்கே ஏன் குழந்தை வரைந்ததையும் பேசியதையும் இவ்வளவு கவனமாகப் பதிவு செய்து பெற்றோர் பார்க்க வைக்கிறார்கள் என்பது புரிகிறது, பள்ளியே அவர்களுடையது.

பெற்றோர் என்றதும் அடுத்த பெரிய ஓட்டை ஞாபகம் வருகிறது. எழுத்துக்கு முன்னால் என்ன நடக்க வேண்டும் என்பதை எங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். தோளிலிருந்து ஆரம்பித்து முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று பலம் வர வேண்டும், க்ரேயானை முழு உள்ளங்கையால் பிடிப்பது மெல்ல மூன்று விரலுக்கு மாறும், மாவு பிசைவது, மரம் ஏறுவது, தண்ணீர்த் துணியைப் பிழிவது எல்லாம் எழுதும் கைக்கான தயாரிப்பு. எழுத்தைக் கண்ணால் அடையாளம் காண்பதற்கு முன் காது ஒலிகளைப் பிரித்துக் கேட்க வேண்டும், அதனால்தான் பாட்டும் எதுகை விளையாட்டும். எல்லாம் சரி. ஆனால் வேலைக்கு வந்த முதல் மாதமே ஒரு அப்பா வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறது, என் பிள்ளை இன்னும் கிறுக்கிக்கொண்டிருக்கிறது, இங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்பார். அவரோடு எப்படிப் பேசுவது என்று இரண்டு வருடத்தில் ஒரு வகுப்புகூட இல்லை. குடும்பம் என்ற பாடத்தில் குடும்ப வகைகளை எழுதினோம். ஒரு கடினமான உரையாடலை நடித்துப் பார்க்கக்கூட வாய்ப்பு இல்லை. இப்போது நான் செய்வது, அதே குழந்தை வருடத் தொடக்கத்தில் வரைந்த கிறுக்கலையும் போன வாரம் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். முதலில் கை போன திசையில் கோடு போயிருக்கும், இரண்டாவதில் மூடிய வட்டம் இருக்கும், வட்டத்துக்குள் இரண்டு புள்ளி இருக்கும், அது அப்பா என்று குழந்தை சொன்னதை நான் கீழே எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. இதைக் கல்லூரியே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

சிறப்புத் தேவை பற்றிய பாடம் ஒரே தாள், வரையறைகளின் அடுக்கு. இதில் ஒரு ஆபத்தும் உண்டு, அரைகுறையாகப் படித்த மறுநாளே வகுப்பில் இருக்கும் குழந்தைகளுக்கு நோயின் பெயர் சூட்டத் தோன்றும். பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவர் வந்து எடுத்த வகுப்பு மட்டும் இன்றும் நிற்கிறது. நீங்கள் கண்டறியும் ஆள் இல்லை, பதிவு செய்யும் ஆள் என்றார். கூப்பிட்டால் திரும்புகிறதா, விரலை நீட்டிக் காட்டுகிறதா, தனக்கு வேண்டியதை எப்படித் தெரிவிக்கிறது, தேதி போட்டு எழுதுங்கள், பெற்றோரிடம் அதை மட்டும் சொல்லுங்கள், அடுத்து யாரிடம் போகலாம் என்று வழிகாட்டுங்கள் என்றார்.

ஆராய்ச்சிகளைச் சொல்லிக்கொடுத்த விதத்தையும் பாராட்ட வேண்டும். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெரி பிரீஸ்கூல் ஆய்வு. வறுமையில் இருந்த 123 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பிரீஸ்கூல் கொடுத்து, இரண்டு குழுவையும் நாற்பது வயதுக்கு மேலும் தொடர்ந்து பார்த்தார்கள். பிரீஸ்கூல் போனவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். இதைச் சொல்லி முடித்துக் கைதட்ட வைக்காமல், எங்கள் மேடம் அங்கே என்ன நடந்தது என்று பிரித்துக் காட்டினார். ஆசிரியர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், ஒருவரிடம் இருந்தது ஏறக்குறைய ஆறு குழந்தைகள்தான், வாரா வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆசிரியர் போய் அம்மாவோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார். இதில் எதையும் செய்யாத பள்ளி அந்த ஆய்வைத் தன் விளம்பரத்தில் போடக் கூடாது என்றார். நான் வேலை தேடும்போது ஒரு ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள் என்று முதலில் கேட்டதற்கு இந்த வகுப்புதான் காரணம்.

சொல்லிக்கொடுக்காத இன்னும் இரண்டு விஷயம். ஒன்று நம் உடம்பு. நாள் முழுக்கக் குனிந்து, தரையில் உட்கார்ந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கினால் முதுகும் முழங்காலும் கேட்கும், சத்தமான அறையில் பேசியும் பாடியும் தொண்டை கட்டும், முதல் வருடம் குழந்தைகளுக்கு வரும் சளி காய்ச்சல் எல்லாம் நமக்கும் வரும். எப்படித் தூக்குவது, குரலை எப்படிக் காப்பது என்று ஒரு பட்டறை போதும், அதுகூட இல்லை. இன்னொன்று சம்பளம். பல நாடுகளில் இந்த வேலைக்குப் பள்ளி ஆசிரியர்களைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள், மூன்று வயதுக்குக் கீழே போகப் போக இன்னும் குறைகிறது. பொறுப்போ நேர் எதிராக ஏறுகிறது. சேர்க்கை நேரத்தில் கல்லூரி இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், படித்து முடித்தவர்கள் எங்கே, எந்த வயது அறையில் வேலை பார்க்கிறார்கள் என்ற விவரத்தோடு. என்னோடு படித்தவர்களில் மிகத் திறமையான சிலர் இந்தக் காரணத்தாலேயே வேறு வேலைக்குப் போய்விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. அவர்களிடம் வளர்ந்திருக்க வேண்டிய குழந்தைகளை நினைத்துத்தான் அந்த வருத்தம்.

ஆன்லைனில் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தத்துவம், வரலாறு, உடல்நலம் போன்ற தாள்களை வீட்டிலிருந்து படிக்கலாம், ஏற்கெனவே வகுப்பில் வேலை பார்த்துக்கொண்டே சான்றிதழுக்காகப் படிப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் குழந்தைகளோடு நேரடிப் பயிற்சி இல்லாமல், வீடியோ பார்த்து எழுதினால் போதும் என்று சொல்லும் கோர்ஸில் சேராதீர்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் பாடம், வீடியோவில் நீங்கள் இல்லை.

மொத்தத்தில் நான் படித்த கல்லூரிக்கு ஐந்துக்கு மூன்றரை. அப்சர்வேஷன், வளர்ச்சிப் பாடம், கல்லூரி நர்சரி இந்த மூன்றுக்காக. மதிப்பெண் குறைத்தது வெளிப்பயிற்சி, கைக்குழந்தைகள், பெற்றோரோடு பேசுவது இந்த மூன்றுக்கு. குழந்தைகளைப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் சேரப்போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு வாரம் ஏதாவது நர்சரியில் தன்னார்வலராக இருந்து பாருங்கள். பிடித்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் வரும். நம்மைக் கடித்த குழந்தையின் பக்கத்தில் பத்து நிமிடம் கழித்துப் போய் உட்கார மனம் வருகிறதா என்பதை அந்த வாரமே சொல்லிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலைநாள் காலையில் கல்லூரிக்குப் போங்கள். கல்லூரிக்குச் சொந்தமாக நர்சரி இருந்தால் அதை வெளியிலிருந்தாவது பார்க்க அனுமதி கேளுங்கள், பயிற்சி மாணவர்கள் குழந்தைகளோடு தரையில் இருக்கிறார்களா, சுவரோரமாக நின்று பேப்பர் வெட்டுகிறார்களா என்று பாருங்கள். இரண்டாம் வருட மாணவி யாரையாவது பிடித்து, கடைசியாக மேற்பார்வையாளர் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள். உடனே ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொன்னால் நல்ல கல்லூரி. அப்புறம், நீங்கள் வேலை பார்க்க நினைக்கும் இடத்தில் இந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறார்களா, எந்த வயதுக் குழந்தைகளுக்கு அது செல்லும், பின்னால் பட்டப்படிப்பில் சேர்ந்தால் இதன் பாடங்களைக் கணக்கில் எடுப்பார்களா என்பதையும் சேர்வதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம்.